நான்காவது பாடம்

மே மாதம் பிறந்துவிட்டால், பெங்களூரில் நம்மவர் இல்லங்களில் மாம்பழத்தைக் காட்டிலும் மிகுதியாகப் பேசப்படுவது, பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்னும் விஷயமே. சென்ற திங்களில் இப்பகுதிக்கு வந்த வினாக்களுள் பாதிக்கு மேற்பட்டவை இதைப் பற்றியவை. அல்சூரிலிருந்து எழுதியவரும் ஸ்ரீராமபுரத்திலிருந்து எழுதியவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் இருவர் கடிதமும் ஏறக்குறைய ஒன்றே. "பௌதிகம், இரசாயனம், கணிதம் மூன்றும் முடிவாகிவிட்டன. நான்காவதாக உயிரியலா, கம்ப்யூட்டரா? உயிரியல் எடுத்தால் டாக்டர், எஞ்சினியர் இரண்டு வழியும் திறந்திருக்குமாமே?"

அந்த "ஆமே" என்னும் இரண்டெழுத்தைப் பற்றித்தான் இம்மாதம் எழுத எண்ணினேன்.

ஊரிலிருந்து அண்மையில் வந்தவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் 1978-இல் மேனிலை வகுப்புகள் வந்தபோது பி.யூ.சி. என்னும் பெயர் வழக்கொழிந்தது. இங்கே அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. காலம் இரண்டு ஆண்டுகள். இரண்டு மொழிகள், நான்கு விருப்பப் பாடங்கள், ஆக ஆறு தாள்கள். மொத்தம் 600 மதிப்பெண்கள். விருப்பப் பாடங்களின் முதலெழுத்துக்களைக் கோத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான்காவது உயிரியலாயின் பி.சி.எம்.பி.; கம்ப்யூட்டராயின் பி.சி.எம்.சி.; எலெக்ட்ரானிக்ஸ் ஆயின் பி.சி.எம்.இ. கல்லூரி வாசலில் முதன்முதலாகக் கேட்பவருக்கு மந்திரம்போல் தோன்றும். விஷயம் இவ்வளவே.

இதில் ஊர் உறவினர் கூறும் யோசனை பெரும்பாலும் பொருந்துவதில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை, அவர்கள் அறிந்தது தமிழ்நாட்டு முறை. அங்கே 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, இரசாயனத்துக்கு 50 என்று பள்ளித் தேர்வு மதிப்பெண்ணை 200-க்குச் சுருக்கி இடம் தருகிறார்கள். கர்நாடகத்திலோ பி.யூ.சி. மதிப்பெண்ணுக்குப் பாதி, சி.இ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பாதி என்று கணக்கிட்டுத் தர வரிசை அமைக்கிறார்கள். ஆகவே இங்குள்ள பிள்ளைக்குத் தேர்வு ஒன்றன்று. மார்ச்சில் பி.யூ.சி. தேர்வு, ஏப்ரலில் சி.இ.டி., மே மாதத்தில் மருத்துவத்துக்கான நீட் என்று அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. மத்திய அரசின் ஜே.இ.இ. தேர்வையும் எழுத விரும்பினால் ஜனவரியிலேயே தொடங்கிவிடும்.

இனி, இரண்டு வழியும் திறந்திருக்கும் என்னும் பேச்சைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். நீட் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். பௌதிகத்தில் 45, இரசாயனத்தில் 45, உயிரியலில் 90 வினாக்கள். கணிதத்தில் ஒன்றுகூட இல்லை. சி.இ.டி.யில் பாடத்துக்கு 60 வினாக்கள். பொறியியலுக்குப் பௌதிகம், இரசாயனம், கணிதம் மூன்றையே சேர்ப்பார்கள். அங்கே உயிரியலுக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. ஒரு வழிக்குச் செலுத்தும் உழைப்பில் ஒரு பெரும் பங்கு மற்ற வழிக்கு உதவாது என்பது இதனால் விளங்கும். கதவு இரண்டும் திறந்திருப்பது மெய்தான். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

எங்கள் அலுவலக அன்பர் ஒருவரின் மகளுக்கு இது நேர்ந்தது. கம்ப்யூட்டரில் ஆசையுள்ள பெண். எதற்கும் இருக்கட்டும் என்று பி.சி.எம்.பி.யில் சேர்த்து, இரண்டு தேர்வுக்கும் பயிற்சி தருவதாகச் சொன்ன இடத்தில் பணமும் கட்டினார்கள். பணம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கியது. முதலாண்டில் ஒருவாறு சமாளித்தாள். இரண்டாம் ஆண்டு தசராவுக்குப் பிறகு ரெக்கார்டு எழுதுவது நின்றது, உணவு குறைந்தது, எப்போதும் முதலாவதாக வந்த பௌதிகத்திலேயே இடைத் தேர்வில் தவறினாள். காரணம் கேட்டால் அழுகை. கடைசியில் அவள் பாட்டியிடம் சொன்னாளாம்: "அப்பா கடன் வாங்கியிருக்கிறாரே, நீட் வேண்டாமென்று நான் எப்படிச் சொல்லுவேன்?" தந்தை கல்லூரி விரிவுரையாளரைக் கண்டு பேசினார். நீட் பயிற்சியை அன்றே நிறுத்தினார்கள். உயிரியலைப் பி.யூ.சி. தேர்வில் தேறும் அளவுக்கு மட்டும் படிப்பது என்று முடிவாயிற்று. கட்டிய பணம் திரும்பவில்லை, பெண் திரும்பினாள். இப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் பிள்ளைகள் இவ்வாறு வாய்மூடி இருப்பது மிகுதி என்பது என் அபிப்பிராயம். தாய் தந்தையர் ஊரை விட்டு வந்ததே தமக்காக என்று அவர்கள் நாள்தோறும் கேட்டு வளர்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளையிடம் "உனக்கு எது விருப்பம்?" என்று கேட்டால், நமக்கு விருப்பமானதையே விடையாகச் சொல்லும். ஆதலால் வேறுவிதமாகக் கேட்பது நலம். "எந்தப் பாடத்தில் கணக்கு வராவிட்டாலும் மறுபடி போட்டுப் பார்க்கிறாய்? எந்தப் புத்தகத்தை யாரும் சொல்லாமலே எடுக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

மருத்துவமே வேண்டும் என்று உறுதியாயுள்ள பிள்ளைக்கு உயிரியல் இன்றியமையாதது. கணிதமின்றி உயிரியல் மட்டும் அமைந்த தொகுதி இங்கே சில கல்லூரிகளிலேயே உண்டு. ஆகவே பெரும்பாலும் பி.சி.எம்.பி.தான் கிடைக்கும். அப்போது கணிதத்தைப் பி.யூ.சி. தேர்வுக்கு மட்டும் படித்தால் போதும் என்று தொடக்கத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். செவிலியர் பட்டம், கால்நடை மருத்துவம் முதலியவற்றுக்கும் உயிரியல் வேண்டும். மருந்தியல் பட்டத்துக்குக் கணிதமோ உயிரியலோ ஒன்று இருப்பினும் சேரலாம். பொறியியலை நாடும் பிள்ளைக்கு உயிரியல் சுமையே. பின்னாளில் மனம் மாறினால் என்ன செய்வது என்று அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி: பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படியாதவரும் பின்னர் அதைத் தனிப் பாடமாக எழுதித் தேறி நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது. மூடிய கதவுக்கும் தாழ் வெளிப்புறத்தில் இருக்கிறது.

நிற்க. எந்தத் தொகுதியாயினும் நாளுக்கு இருபத்து நான்கு மணிதான். உறக்கத்துக்கு எட்டு, கல்லூரிக்கு ஏழு, போக வர இரண்டு, குளிக்க உண்ண இரண்டு. ஆகப் பத்தொன்பது கழிந்தது. எஞ்சியது ஐந்து மணி. டியூஷனும் அதற்குச் செல்லும் வழியும் இரண்டரை மணியை எடுத்தால், மிச்சம் இரண்டரை. ஆறு பாடங்களுக்குப் பங்கிட்டால் பாடத்துக்கு இருபத்தைந்து நிமிடம். ஒரு கணிதப் பயிற்சியைத் தொடங்கி முடிக்கவும் அது போதாது. அதனால்தான் உறக்கத்தில் கைவைக்கிறார்கள். பதினோரு மணிக்குமேல் விழித்திருந்து படித்ததைக் காலையில் மீண்டும் படிக்க நேர்வதைப் பல இல்லங்களில் கண்டிருக்கிறேன்.

போக்குவரத்துக்கு இரண்டு மணி என்று எழுதினேன். எல்லோருக்கும் அது பொருந்தாது. கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், அங்குள்ள நம்மவர் எத்தனையோ பேர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகின்றனர். அவர்களோடு கல்லூரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். நின்றுகொண்டே சூத்திரங்களை மனனம் செய்யும் பிள்ளைகளைப் பார்க்கும்போது பெருமையும் இரக்கமும் சேர்ந்தே வரும். புகழ்பெற்ற கல்லூரிக்கு மூன்று மணிப் பயணம் செய்வதிலும், அருகிலுள்ள நடுத்தரக் கல்லூரியில் சேர்ந்து அந்த மூன்று மணியை வீட்டில் படிப்பதே மேல் என்பேன். பெயர்ப்பலகை தேர்வு எழுதுவதில்லை.

நாளைக்கு ஆறு பாடமும் தொட வேண்டும் என்னும் வழக்கத்தை விட்டு, நாளைக்கு இரண்டு பாடம் என்று வைத்துக்கொண்டால் மனம் நிலைக்கும். செய்முறை வகுப்பின் ரெக்கார்டை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். செய்முறைக்கு 100-இல் 30 மதிப்பெண் உண்டு. முதலாண்டு பொதுத் தேர்வில்லை என்று சோம்பியிருப்பது பெருந்தவறு. சி.இ.டி., நீட் இரண்டிலும் முதலாண்டுப் பாடங்களும் கேட்கப்படுகின்றன. இரண்டாம் ஆண்டில் அவற்றைத் திரும்பப் படிக்க நேரமிராது. பொதுத் தேர்வைப் பற்றிய அச்சத்தை மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். 2024 முதல் ஒரே ஆண்டில் ஒரு முறைக்கு மேல் தேர்வு வைத்து, சிறந்த மதிப்பெண்ணையே வைத்துக்கொள்ள இடமளித்திருக்கிறார்கள்.

விஞ்ஞானம் தவிர்த்த வழிகளைப் பற்றி யாரும் எழுதிக் கேட்கவில்லை என்பது வருத்தமே. வணிகப் பிரிவில் சேர்வோர் கூடுமானவரை கணிதத்தையோ புள்ளியியலையோ கைவிடாதிருப்பது நன்று, சி.ஏ. முதல்நிலைத் தேர்வில் கணக்குத் திறனுக்கென்றே ஒரு தாள் உண்டு. கலைப் பிரிவு படித்தவரும் சட்டத்துக்கான கிளாட் தேர்வு எழுதி, நம் நாகரபாவியிலுள்ள தேசியச் சட்டப் பள்ளியில் சேரலாம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ பெற்று, நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது. எங்கள் இரயில்வேயிலும் இளநிலைப் பொறியாளர் பதவிக்கு அந்த டிப்ளமோ போதும். கடன் வாங்கிப் பயிற்சிக்குக் கட்டுவதன் முன்னர் இதையும் ஒருமுறை வீட்டில் பேசிப் பார்க்கலாம்.

மொழியைப் பற்றி ஓர் அன்பர் கோபத்துடன் எழுதியிருந்தார். பி.யூ.சி.யில் தமிழும் ஒரு மொழிப் பாடமே. ஆயினும் கற்பிக்கும் கல்லூரிகள் சிலவே. மொழி மதிப்பெண் பொறியியல் தர வரிசையில் சேராது. ஆகவே மதிப்பெண்ணுக்காக அறியாத மொழியை எடுப்பதில் பெரிய இலாபமில்லை. தமிழ் கிடைக்கும் கல்லூரியாயின் மகிழ்ச்சி. கிடைக்காவிடில் கன்னடம் எடுப்பதே இங்கு வாழ்வோர்க்குத் தக்கது. மாநில அரசு உத்தியோகத்துக்கு அது வேண்டும். தமிழை வீட்டில் கற்பிக்கக் கல்லூரியின் அனுமதி தேவையில்லை.

இறுதியாக, மாறுதலில் வந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சி.இ.டி. மூலம் அரசு இடம் பெறுவதற்குப் பொது விதி, முதல் வகுப்பு முதல் இரண்டாம் பி.யூ.சி. வரையில் ஏழு கல்வியாண்டுகளேனும் கர்நாடகத்தில் படித்திருப்பதும், பத்தாம் வகுப்பையோ இரண்டாம் பி.யூ.சி.யையோ இங்கே தேறியிருப்பதும் ஆகும். ஆறாம் வகுப்பில் இங்கு வந்து சேர்ந்த பிள்ளைக்கு ஏழாண்டு சரியாக நிறையும். ஏழாம் வகுப்பில் வந்த பிள்ளைக்கு ஓராண்டு குறையும். அத்தகையோர்க்குப் பெற்றோரின் படிப்பையோ உத்தியோகத்தையோ கொண்டு வேறு சில பிரிவுகள் உள்ளன; அவ்வாண்டின் சி.இ.டி. அறிக்கையைப் பார்த்து எது பொருந்தும் என்று தெளிந்துகொள்ள வேண்டும். ஏழாண்டு நிறைந்தவர்களும் பிள்ளை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றிதழ் பெற்று வைத்துக்கொள்வது நல்லது. பள்ளி இரண்டு மூன்று மாறியிருந்தால், பி.யூ.சி. சேர்க்கை முடிந்த கையோடு இதைத் தொடங்கிவிடுங்கள். இரண்டாண்டு கழித்துத் தேடினால் பழைய பள்ளியின் எழுத்தரும் மாறியிருப்பார்.