இதெல்லாம் ராக்கா? பின்னே என்னவாம்!

போன வாரம் ஹாஸ்டலில் ஒரு சண்டை. நான் பாட்டுக்கு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து ரூம் நண்பன் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் ராக்கா மச்சி? மியூசிக்ல எதுக்குடா சாதி, அரசியல்?" என்றான். அவன் போட்டிருந்த டி-ஷர்ட்டில் ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்! எங்கே போய் முட்டிக்கொள்வது, சொல்லுங்கள்.

அந்த அமெரிக்கக் குழுவின் முதல் ஆல்பம் வந்தது 1992-ல். அட்டைப்படம், 1963-ல் சைகோன் நடுத்தெருவில் தனக்குத்தானே தீ வைத்துக்கொண்ட பௌத்த பிக்கு. உள்ளே போலீஸின் நிறவெறியைக் கிழிக்கிற பாட்டு. அதற்குத் தலையைத் தலையை ஆட்டுவான். இடஒதுக்கீடு பற்றித் தமிழில் பாடினால் மட்டும் காது கூசுகிறதாம். புரட்சி வெளிநாட்டில் நடந்தால் இனிக்கத்தானே செய்யும் :-)

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழுவின் முதல் மேடை. ஏறக்குறைய இருபது பேர், எல்லோரும் கோட்டு சூட்டில். 'சாவு வீட்டுப் பாட்டு' என்று ஒதுக்கிய கானாவும், 'சாவு மோளம்' என்று ஒதுக்கிய பறையும் எலெக்ட்ரிக் கிதாருக்குப் பக்கத்தில் நின்றன. குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதர் வழிவந்த 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்தான். அதே வருஷம் 'மகிழ்ச்சி' ஆல்பம் வந்தது. கானா என்றாலே ஆம்பளைக் குரல் என்றிருந்த இடத்தில் இசைவாணி பாடினார். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

எல்லாப் பாட்டும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். சிலது மேடைப் பேச்சுக்கு மெட்டுப் போட்ட மாதிரி இருக்கும். அதைத் திட்டு, நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் "இப்பல்லாம் யாருடா சாதி பாக்குறா" என்று மட்டும் ஒரு புதுக்கோட்டைக்காரன் சொல்லக்கூடாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன இடத்தில், டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் வெளியே வந்தது. அது சைகோன் இல்லை மக்களே, நம்ம மாவட்டம்.

இதையெல்லாம் சொன்னதும், "சரி சரி, சவுண்டக் குறை" என்றான். குறைக்கவில்லை.