பாடம் நடத்த விடுங்கள்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் மன உளைச்சல் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் புத்தாக்கப் பயிற்சிகளும் யோகா முகாம்களும் தீர்வாக முன்வைக்கப்படுகின்றன. அவர்களை உண்மையில் வாட்டுவது எது என்பதற்குத் தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் விடை இருக்கிறது.

வாளையாறுக்கு அடுத்த கஞ்சிக்கோடு, தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. மலையாளமும் தமிழும் வழங்கும் இங்கு வட மாநிலத் தொழிலாளர்களும் குடியேறியுள்ளனர். பல மொழி பேசும் குழந்தைகளை ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்துவது கடினம்தான். ஆயினும் அது ஆசிரியர்கள் விரும்பி ஏற்ற பணி. விரும்பாமலேயே தலையில் ஏற்றப்படும் சுமைகள்தாம் அவர்களைச் சோர்வடையச் செய்கின்றன.

மதிய உணவுத் திட்டம் இதற்கோர் உதாரணம். கேரளத்தில் 150 பேர் வரை பயிலும் பள்ளிகளுக்கு, மாணவர் ஒருவருக்கு ரூ. 8 என 2016-இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை, விலைவாசி உயர்ந்தும் பல ஆண்டுகள் மாற்றப்படவில்லை. காய்கறியுடன் முட்டை, பால் செலவையும் அதிலேயே சமாளிக்க வேண்டியிருந்தது. அந்தத் தொகையும் தாமதமானபோது தலைமையாசிரியர்கள் கைப்பணத்தைச் செலவிட்டனர், கடன்பட்டனர். 2023-இல் ஆசிரியர் சங்கம் உயர் நீதிமன்றத்தை நாடியது. செலவை 60:40 எனப் பகிர்ந்துகொள்ளும் மத்திய, மாநில அரசுகளோ தாமதத்துக்கு ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின.

மலைக் குடியிருப்புகளில் இயங்கிய ஓராசிரியர் பள்ளிகளின் முடிவு இதனினும் வேதனையானது. 1990-களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்ட இந்த மையங்களில், நான்கு வகுப்புகளுக்கும் ஒருவரே பாடம் நடத்தினார். 2022-இல் இவை மூடப்பட்டபோது, முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது பள்ளிகளில் துப்புரவுப் பணி. எந்தத் தொழிலும் இழிவன்று. ஆனால், இருபதாண்டு கற்பித்தல் அனுபவத்துக்கு அரசின் கணக்கில் மதிப்பே இல்லாமல் போனது இழிவு.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த கல்விசாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. மளிகைக் கடன் இம்மூன்றில் எதிலும் அடங்காது.

மதிய உணவு நிதி பள்ளி திறக்கும் முன்பே முன்பணமாகச் சேர வேண்டும். கொள்முதலையும் கணக்கையும் உள்ளாட்சி அமைப்புகள் ஏற்க வேண்டும். மையங்களை மூடும் அரசு, அங்கு உழைத்தவர்களுக்குக் கல்விப் பணியிலேயே இடமளிக்க வேண்டும். கடைக்காரர் முன் தலைகுனிந்து நிற்கும் தலைமையாசிரியருக்கு, மறுநாள் மலர்ந்த முகத்துடன் வகுப்புக்குள் நுழைவது எப்படி என்பதை எந்தப் பயிற்சி முகாமும் கற்றுத்தர இயலாது.