கணக்கில் வராத காத்திருப்பு

சரக்குப் போக்குவரத்துத் துறையில் ‘ஓட்டுநர் பற்றாக்குறை’ என்ற சொல் அனைத்துக்கும் விடைபோலப் புழங்குகிறது. லாரிகள் நிற்கின்றன, ஓட்ட ஆளில்லை, இளைஞர்களுக்கு இத்தொழிலில் விருப்பமில்லை என்பது உரிமையாளர்களின் வாதம். வராத இளைஞர்களைப் பற்றிப் பேசும் இவ்வாதம், பல்லாண்டுகள் ஓட்டிவிட்டு விலகுவோரைக் கண்டுகொள்வதில்லை. விலகுவோர் வாகனம் ஓட்டுவதையே கைவிடுவதில்லை. பலர் உள்ளூரில் பள்ளி வேன், பால் வண்டி, சிறு சரக்கு வண்டி என்று அரைநாள் வேலைகளுக்கு நகர்கின்றனர். வருமானம் குறையும் என்று தெரிந்தே நகர்கின்றனர். இம்முடிவின் காரணத்தை ஆராயாமல் பற்றாக்குறையைப் புரிந்துகொள்ள இயலாது.

தமிழ்நாட்டுக்கு நாமக்கல் எப்படியோ, அப்படி ஹரியானா, ராஜஸ்தான் எல்லையில் பரவியுள்ள மேவாத் பகுதி லாரி ஓட்டுநர்களுக்குப் பெயர்பெற்றது. அப்பகுதியின் நூஹ் நகரைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். அவர் மானேசரில் பாரம் ஏற்றி, மும்பையை அடுத்த நவ ஷேவா துறைமுகத்தில் இறக்குகிறார். தொலைவு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ஆனால் ஓட்டுதல் அவரது உழைப்பின் ஒரு பகுதி மட்டுமே. ஆலை வாயிலில் பாரம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். நகருக்குள் கனரக வாகனங்களுக்கான தடை நேரம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். துறைமுக வரிசையில் நிற்க வேண்டும். இறக்கிய பின் திரும்புநடைக்கு லோடு அமையும்வரை மீண்டும் காத்திருக்க வேண்டும். டீசலும் டயரும் சரக்கும் களவு போகாமல் காக்க வேண்டியிருப்பதால் வண்டியை விட்டு அகலவும் முடியாது. கூலியோ நடைக்கு இவ்வளவு என்று பேசப்பட்டது. காத்திருக்கும் நாளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாப்பாட்டுப் படி மட்டுமே. சில வேளை அதுவும் இல்லை.

அதே மனிதர் ஊரில் பள்ளி வேன் ஓட்டினால் காலையில் இரண்டு மணி நேரம், பிற்பகலில் இரண்டு மணி நேரம் வேலை. இடைப்பட்ட பொழுது அவருடையது. இரவு வீட்டில் உறங்குகிறார். லாரியில் ஈட்டியதைவிடக் குறைவாகவே ஈட்டுகிறார். ஆனால் மாத வருமானத்தை அவர் உரிமையாளரிடம் ஒப்படைத்திருந்த மணி நேரங்களால் வகுத்துப் பார்த்தால், இழப்பு தோற்றத்தில் தெரியும் அளவுக்குப் பெரிதன்று. இதனைச் சோம்பல் என்பது பிழை. தம் நேரத்துக்கு விலை தராத தொழிலிலிருந்து ஓர் உழைப்பாளி அந்நேரத்தை மீட்டுக்கொள்கிறார் என்பதே சரி.

இந்த விலையின்மைக்குச் சட்டத்திலும் வேர் உண்டு. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரம்பு வகுத்தது. நெடுந்தொலைவு வழித்தடங்களுக்கு, உரிய அனுமதியுடன், அதனை நாளுக்கு 10 மணி நேரம்வரை தளர்த்தவும் இடமளித்தது. ஆனால் வேலை நேரத்துக்கு அது தரும் விளக்கத்தில், முனையங்களில் 15 நிமிடத்துக்குக் குறைவான வெறும் காத்திருப்பு மட்டுமே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. நாள்கணக்கில் நீளும் காத்திருப்பைப் பற்றி அவ்விளக்கம் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. மேலும், 5 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே அச்சட்டம் பொருந்தியது. ஒன்றிரண்டு லாரிகள் வைத்திருக்கும் உரிமையாளர்களே மிகுந்த ஒரு துறையில், இவ்வரம்பு ஏராளமான ஓட்டுநர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அச்சட்டத்தை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வரம்பை 10 தொழிலாளர்கள் என உயர்த்தி வாசலை இன்னும் குறுக்கியது.

அரசின் சீர்திருத்தங்கள் இப்புள்ளியைத் தொட்டதில்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் மாநில எல்லை வரிச் சாவடிகள் அகன்றன. 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயமானது. இவற்றால் மிச்சமான நேரம் வண்டிக்கு உரியதானதே தவிர, ஓட்டுநருக்கு உரியதாகவில்லை. விரைந்து முடிந்த நடை, அடுத்த நடைக்கான அழைப்பாயிற்று. 2019இல் ஓட்டுநர் உரிமத்துக்கான எட்டாம் வகுப்புத் தகுதி நீக்கப்பட்டது, ஆள்வரத்தைப் பெருக்கும் முயற்சி. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி வரவேற்கத்தக்கது. எனினும் அது காத்திருப்பின் வெப்பத்தைத் தணிக்குமேயன்றிக் காத்திருப்புக்குக் கூலி தராது.

விலகலின் விளைவு ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை. வட இந்தியச் சாலைகளில் ஓட்டுநர் ‘உஸ்தாத்’, உதவியாளர் ‘கலாசி’. உஸ்தாதுக்குத் தேநீர் வாங்கி, சக்கரம் கழற்றி மாட்டி, மலைப்பாதையில் கியர் மாற்றும் ஒலியைக் கேட்டுக் கேட்டுத்தான் கலாசி ஓட்டுநரானார். செலவு கருதிப் பல வண்டிகள் உதவியாளரின்றி ஓடும் இந்நாளில், அனுபவம் மிக்கவரும் விலகிவிட்டால் கற்றுத்தர எவருமில்லை.

உள்ளூர் வேலையை விடுதலை என்று கொண்டாடுவதும் பொருந்தாது. கோடை விடுமுறையில் சம்பளம் நிற்கலாம். வருங்கால வைப்பு நிதிக்கு 20 பேர், இஎஸ்ஐக்கு 10 பேர் என்ற பொது வரம்புகள் சிறு வேன் உரிமையாளரின் ஓட்டுநரையும் வெளியிலேயே நிறுத்துகின்றன. மேலும், விலகும் வாய்ப்பு எல்லார்க்கும் இல்லை. மனைவியின் ஊதியமோ சிறிது நிலமோ உள்ளவரால் விலக முடிகிறது. உரிமையாளரிடம் முன்பணம் பெற்றவர் கடன் தீரும்வரை நீடிக்கிறார். அவ்வாறாயின், நெடுஞ்சாலையில் எஞ்சுவோர் அத்தொழிலை விரும்பித் தேர்ந்தவர்கள் அல்லர், விலக முடியாதவர்கள்.

செய்ய வேண்டியது தெளிவு. சட்டப் பாதுகாப்பை நிறுவனத்தின் ஆள் எண்ணிக்கையோடு பிணைக்காமல் கனரக வாகனத்தோடு பிணைக்க வேண்டும். வண்டி நிற்கும் நாளுக்குச் சரக்குக்காரர் செலுத்தும் ஹால்டிங் தொகையில் ஓட்டுநருக்கு உரிய பங்கை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். காத்திருப்புக்கு விலை வைத்தால் ஆலை வாயில்களில் காத்திருப்பும் தானே குறையும். இலவசமாகக் கிடைக்கும் பொருளை எவரும் சிக்கனமாகச் செலவிடுவதில்லை. ஓட்டுநரின் பொழுதும் இதுவரை அவ்வாறே செலவிடப்பட்டிருக்கிறது.