தோற்றவர் காசில் நடக்கும் ஏலம்

"ஏலத்தில் எடுத்தால் மலிவு" என்பது நம்மூரில் யாரும் மறுத்துப் பேசாத நம்பிக்கை. அடகு மீட்காத நகையை ஏலத்தில் எடுத்தவர்களும், தவணை கட்டாமல் பறிமுதலான மோட்டார் சைக்கிளைப் பாதி விலைக்கு எடுத்தவர்களும் வாவியின் எழுவான்கரையிலும் இருக்கிறார்கள், படுவான்கரையிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. அந்த உண்மையின் நிழலில்தான் இன்னொன்று போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது: ஒவ்வொரு முறை விலை கேட்பதற்கும், அதாவது ஒவ்வொரு 'கேள்வி'க்கும், கட்டணம் வாங்கும் இணைய ஏலம். ஒரு இலட்சம் ரூபா போன் ஒன்பதாயிரத்துக்குப் போனதாம், மடிக்கணினி நாலாயிரத்துக்குப் போனதாம் என்று படம் வரும். "ஒரு கேள்விக்கு இருபது ரூபாதானே, போனால் போகட்டும்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். ஏலம் என்றால் மலிவு, சிறு தொகை என்றால் சிறு நட்டம். இந்த இரண்டு நம்பிக்கைகளும் இங்கே தவறு.

ஏலம் எப்படி நடக்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வாவிக்கரையில் விடியற்காலையில் போய் நின்றால் தெரியும். தோணி கரை தட்டியதும் இறாலையும் நண்டையும் கொட்டிக் கூறு வைப்பார்கள். வியாபாரிகள் குனிந்து இறாலைக் கையில் எடுத்து, தலை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூறுகிறவர் ஒரு விலையில் தொடங்க, ஐம்பதும் நூறுமாக ஏறும். கடைசியில் ஒருவர் எடுப்பார். மற்றவர்கள் அடுத்த கூறுக்கு நகர்வார்கள், அவர்கள் மடியில் இருந்த காசு மடியிலேயே இருக்கும். வாய் திறந்து விலை கேட்டதற்காக யாரிடமும் ஒரு சதமும் வாங்குவதில்லை. ஏறிய விலை, தரகு போக, வலை இழுத்தவருக்குப் போய்ச் சேரும். கோயில் திருவிழாவில் ஒரு மாம்பழம் ஆயிரக்கணக்கில் போவதுண்டு. அங்கேயும் எடுத்தவர் மட்டுமே கொடுக்கிறார், கோயிலுக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கிறார்.

போன் திரையில் நடப்பதைப் பார்ப்போம். முதலில் கேள்விகளை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நூறு கேள்வி, இருநூறு கேள்வி என்று பொதியாக விற்பார்கள். ஒரு தடவை அழுத்தினால் உங்களிடமிருந்து ஒரு கேள்வி குறையும், பொருளின் விலை ஒரு ரூபா ஏறும், கடிகாரத்தில் பத்துப் பதினைந்து வினாடி கூடும். மூன்று, இரண்டு, ஒன்று என்று வந்து உங்கள் பெயர் மேலே நிற்கும் அந்த நொடியில் இன்னொருவர் அழுத்துவார். கடிகாரம் மறுபடி பதினைந்துக்குப் போகும். நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள்.

அந்த ஒன்பதாயிரம் ரூபா போனையே கணக்குப் பார்ப்போம். விலை ஒவ்வொரு ரூபாவாக ஏறி 9,000 ஆனது என்றால் 9,000 தடவை கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. கேள்வி ஒன்று 20 ரூபா என்றால் அதிலேயே 1,80,000 ரூபா. வென்றவர் கட்டும் 9,000 ரூபாவையும் சேர்த்தால் நடத்துபவர் கைக்கு வந்தது 1,89,000 ரூபா. போனின் விலை ஒரு இலட்சம். வென்றவர் நானூறு தடவை அழுத்தியிருந்தால் அவருக்குச் செலவு 17,000 ரூபா, அவருக்கு இலாபம்தான். மிச்சம் 1,72,000 ரூபா தோற்றவர்களுடையது. அவர்களுக்குப் போனும் இல்லை, காசும் இல்லை. வென்றவரின் படம் போட்ட விளம்பரத்தில் இந்த எண் வராது.

இது எனது கற்பனைக் கணக்கு மட்டும் அல்ல. ஜெர்மனியில் 2005இல் தொடங்கி, பிறகு 'சுவூப்போ' என்ற பெயரில் அமெரிக்கா வரை பரவிய நிறுவனம்தான் இந்த முறையைப் பிரபலமாக்கியது. அமெரிக்காவில் ஒரு கேள்வி 60 அமெரிக்கச் சதம். நெட் ஓகன்பிளிக் என்ற பொருளியல் ஆய்வாளர் அதன் ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏலங்களை எடுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், பொருளின் பெறுமதியைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் பணம் நிறுவனத்துக்கு வந்ததைக் காட்டினார். மக்கள் ஏன் நிறுத்தவில்லை என்பதற்கும் அவர் விடை தேடினார். ஏற்கெனவே போட்ட பணம் வீணாகக் கூடாது என்பதற்காகவே அவர்கள் இன்னும் போட்டார்கள். போட்டது கூடக் கூட, விட்டுவிட்டு எழும்புவதும் கடினமானது.

மார்ட்டின் ஷூபிக் என்ற பொருளியலாளர் இதை 1971இலேயே ஒரு விளையாட்டாக எழுதி வைத்தார். ஒரு டொலர் நோட்டை ஏலம் விட வேண்டும். கூடக் கேட்டவருக்கு நோட்டு, ஆனால் இரண்டாவதாக வந்தவரும் தான் கேட்ட தொகையைக் கட்ட வேண்டும். இந்த ஒரே விதியால் ஒரு டொலருக்கு ஒரு டொலரைத் தாண்டியும் கேட்பார்கள். கட்டணக் கேள்வி ஏலத்தில் இரண்டாவதாக வந்தவர் மட்டுமல்ல, கேட்ட அத்தனை பேரும் கட்டுகிறார்கள்.

எனவே "எனக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியும்" என்று சொல்பவரிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. உங்கள் நிதானத்தை உடைக்கவே அந்தக் கடிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. எதிரில் இருப்பது மனிதர்தானா என்பதும் உங்களுக்குத் தெரியாது. நடத்துபவரே பொய்ப் பெயரிலோ தானியங்கி மென்பொருளிலோ கேள்வி கேட்டு விலையை ஏற்றலாம் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2011இலேயே மக்களை எச்சரித்தது. வாவிக்கரையில் எதிர்த்துக் கேட்பவரின் முகம் தெரியும், அவர் எந்த ஊர் என்பதும் தெரியும்.

இத்தனை இலாபம் எடுத்தும் சுவூப்போ 2011இல் வங்குரோத்தாகி மூடப்பட்டது. தோற்றவர் திரும்பி வராத தொழில் இது. புதியவரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கிருந்து அடுத்த படியான முதலீட்டு மோசடிக்கு அதிக தூரம் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 'சீக்லர்' என்ற இதே வகை ஏலத் தளத்தைக் காட்டி, 'சீக் ரிவார்ட்ஸ்' என்ற பெயரில் முதலீடு சேர்த்தார்கள். ஆள் சேர்த்தால் பங்கு, நாளொன்றுக்கு ஒன்றரை வீதம் வரை வருமானம் என்றார்கள். 2012 ஓகஸ்டில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு அதை நிறுத்தியபோது அது 60 கோடி டொலர் மோசடியாக வளர்ந்திருந்தது. நிறுவனத்தின் வருமானத்தில் ஏறத்தாழ 98 வீதம் புதிதாகச் சேர்ந்தவர்களின் பணம். நடத்திய போல் பேர்க்ஸுக்கு 2017இல் 14 ஆண்டு 8 மாதச் சிறை.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். 2023 ஓகஸ்டில் எம்.டி.எஃப்.ஈ. என்ற முதலீட்டுச் செயலி பங்களாதேஷிலும் இலங்கையிலும் ஒரே நேரத்தில் மக்களின் பணத்தோடு சரிந்தது. ஆள் சேர்த்துப் பணம் பெருக்கும் பிரமிட் திட்டங்களை இலங்கையின் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்கிறது. மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டும், அடுத்த செயலி அடுத்த மாதம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. அனுப்புபவர் பெரும்பாலும் நமது மச்சான், பக்கத்து வீட்டு அக்கா. அவர்களும் ஏமாந்தவர்களே.

பறிகொடுத்தவரைப் பார்த்து "பேராசை" என்று சொல்லும் வழக்கம் எனக்குச் சினமூட்டுகிறது. மாரியில் கடலுக்குப் போக முடியாத வாரங்கள் உண்டு. இறால் படாத நாட்கள் உண்டு. நுண்கடன் தவணைக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களைச் சமாளித்த பெண்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். 2022இல் விலைவாசி ஏறியதற்குப் பிறகு, மகளின் உயர்தர வகுப்புக்கு ஒரு போன் வாங்குவதே பல குடும்பங்களுக்குப் பெரிய காரியம். அந்தப் போனை மலிவாக வாங்க நினைத்த தாயிடம் பேராசை இல்லை. அவர் சீட்டுக் காசை எடுத்துக் கேள்விப் பொதி வாங்குகிறார் என்றால், ஏலம் என்ற சொல்லுக்கு வாவிக்கரையில் இருக்கும் மரியாதையை நம்பியே வாங்குகிறார். லொத்தர் சீட்டு வாங்கும்போதுகூட அது அதிர்ஷ்டம் என்று அவருக்குத் தெரியும், போனால் போவது சீட்டின் விலை மட்டும். இங்கே இரவு பத்து மணிக்கு ஒரு பொதியோடு உட்கார்ந்தவர் நள்ளிரவில் ஆறாயிரத்தில் நிற்கிறார், இன்னும் கொஞ்சம் போட்டால் கிடைத்துவிடும் என்றும் நினைக்கிறார்.

பேச வேண்டிய இடங்கள் நம்மிடம் இருக்கின்றன. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் மீனவர் சங்கக் கூட்டத்திலும் அந்த 9,000 ரூபாக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினால் போதும், பத்து நிமிடம் ஆகாது. உயர்தர வகுப்பு ஆசிரியர்களும் கணிதப் பாடத்தில் ஒரு நாள் இதைச் செய்யலாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பணம் போனவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் அங்கே முறையிட வேண்டும், முறைப்பாடு இல்லாத இழப்பு அரசாங்கத்தின் கண்ணில் படாது. அந்தச் சபையிடம் கேட்க வேண்டியதும் தெளிவானது: இலங்கையரிடம் பணம் வாங்கும் எந்த ஏலத் தளமும், தோற்றவரின் கட்டணம் திரும்பாது என்பதையும், முடிந்த ஒவ்வொரு ஏலத்திலும் மொத்தம் எத்தனை கேள்வி விற்றது, எவ்வளவு பணம் சேர்ந்தது என்பதையும், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் போட வேண்டும். போட மறுக்கும் தளங்களின் பெயர்களை மூன்று மொழியிலும் பகிரங்கப்படுத்த வேண்டும்.