ரோஜா ஒண்ணு... பீன்ஸ் நாற்பத்தெட்டு காலி!



ஜன்னலே இல்லாத ரூம். கதவு எப்பவும் மூடியே இருக்கும். வெயில், மழை, ஆடு, மாடு எதுவும் உள்ளே எட்டிப் பார்க்காது. 'அப்படிப்பட்ட ரூம்ல வளர்ற செடிக்கு என்ன பாஸ் பிரச்னை வரப்போகுது?' என்கிறீர்களா? 2018-ல் ஃபைனல் இயர் படிக்கும்போது நானும் இதையேதான் கேட்டேன். பதில் கிடைத்தபோது 48 தொட்டி பீன்ஸ் செடிகள் குப்பைக்குப் போயிருந்தன!

இப்போது பல காலேஜ்களில் 'குரோ ரூம்' வந்துவிட்டது. ரேக் அடித்து, எல்.இ.டி. விளக்கு மாட்டி, டைமர் வைத்து, ஸ்ட்ராபெர்ரி, தக்காளி, கீரை என்று வளர்க்கிறீர்கள். சூப்பர்! இந்த வாரம் நான் சொல்லப்போவது, அந்த ரூமுக்கு வரும் ஒரு வில்லனைப் பற்றி. அதோடு, நான் பண்ணின ஒரு திருட்டுத்தனத்தைப் பற்றியும்.

எங்கள் ப்ராஜெக்ட் சிம்பிள். பாதி பீன்ஸ் செடிக்கு வெள்ளை வெளிச்சம், மீதிக்கு சிவப்பும் நீலமும் கலந்த வெளிச்சம். எது நன்றாக வளர்கிறது? நானும் என் ப்ராஜெக்ட் பார்ட்னரும் பழைய ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்ணி ரேக் போட்டோம். தினமும் 16 மணி நேரம் விளக்கு. 28 டிகிரியில் ஏ.சி. எல்லாம் பக்கா.

ஒரு வியாழக்கிழமை, ரோட்டோர நர்சரியில் ஒரு ரோஜாச் செடி வாங்கினேன். அம்மாவுக்கு ரோஜான்னா உயிர். சனிக்கிழமை ஊருக்கு எடுத்துப் போகலாம் என்று பிளான். ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணா, "மண்ணு தொட்டியெல்லாம் உள்ள கொண்டாராதீங்க தம்பி" என்று கறாராகச் சொல்லிவிட்டார். சரி, ரெண்டு ராத்திரிதானே... குரோ ரூமில், கீழ் ரேக் ஓரமாக வைத்தேன். பார்ட்னரிடம்கூடச் சொல்லவில்லை.

ரெண்டு வாரம் கழித்து பீன்ஸ் இலைகளில் ஊசியால் குத்தின மாதிரி பொடிப்பொடியாக வெளிர் புள்ளிகள். "டேய், சத்துக் குறைபாடுன்னு நினைக்கறேன். நான்தான் உரம் கம்மியா கலந்துட்டேன் போல" என்றாள் பார்ட்னர். கூடுதலாக உரம் போட்டோம். புள்ளி இன்னும் அதிகமானது. தோட்டக்கார அண்ணாவிடம் பூச்சி மருந்து வாங்கி அடித்தோம். ஊஹூம்! நான்காவது வாரம் இலைக் காம்புகளுக்கு நடுவே மெல்லிய நூலாம்படை.

எங்கள் கைடு மேடம் வந்து பார்த்தார். ஒன்றுமே சொல்லாமல் ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து, செடியை ரெண்டு தட்டுத் தட்டினார். தாளில் தூசி விழுந்தது. அந்தத் தூசி... நடந்தது!

யார் இந்த வில்லன்?

பேர் சிலந்திப்பேன். தோட்டக்காரர்கள் செம்பேன் என்றும் சொல்வார்கள். பேருதான் செம்பேன், பல சமயம் இளம்பச்சையாக, முதுகில் ரெண்டு கரும்புள்ளியோடு இருக்கும். நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து, செல்களைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். மேலே தெரிகிற வெளிர் புள்ளிகள், அது சாப்பிட்டு முடித்த தட்டுகள்!

முக்கியமான மேட்டர்: இது பூச்சியே கிடையாது. வளர்ந்த பேனுக்கு எட்டுக் கால். சிலந்தி, தேள் வகையறா. அதனால்தான் சாதாரணப் பூச்சி மருந்துகள் பலவும் இதனிடம் பலிப்பதில்லை. சில மருந்துகள் பேனை விட்டுவிட்டு, பேனைத் தின்னும் நல்ல ஜீவன்களை மட்டும் கொன்று, வில்லனுக்கு ரூட் கிளியர் பண்ணிக் கொடுக்கின்றன. நாங்கள் போட்ட கூடுதல் உரமும் அப்படித்தான். தழைச்சத்து ஏறின இளம் இலை என்றால் பேனுக்குக் கல்யாண சாப்பாடு.

28 டிகிரி மாதிரி சூட்டில், முட்டை பெரிய பேனாக சுமார் 10 நாள் போதும். ஒரு பெண் பேன் 100 முட்டைக்கு மேலேயும் இடும். சும்மா கணக்குக்கு, ஒன்றிலிருந்து 50 பெண் பேன் தப்பித்தது என்று வையுங்கள். அடுத்த சுற்றில் 2,500. அதற்கடுத்த சுற்றில் 1,25,000!

'ஒரே ஒரு பேன் வந்தால் எப்படிப் பெருகும், ஜோடி வேண்டாமா?' நல்ல கேள்வி. இணை சேராத பெண் பேனும் முட்டை இடும். அதிலிருந்து ஆண் பேன்கள் மட்டும் வரும். அவை வளர்ந்ததும் அவற்றோடு இணை சேர்ந்து, பிறகு பெண் பேன்களையும் பெறும். ஒத்தை ஆளாக வந்து ஊரையே உருவாக்கும் ஜாதி இது.

2011-ல் இதன் மொத்த ஜீன் வரிசையையும் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 1,100-க்கும் மேற்பட்ட செடி வகைகளைச் சாப்பிடும் என்பது கணக்கு. அதிலும் பீன்ஸ் ரொம்ப இஷ்டம். ஆராய்ச்சிக்காக லேபில் இந்தப் பேனை வளர்ப்பவர்கள், அதற்குத் தீனியாகப் போடுவதே பீன்ஸ் செடியைத்தான். நாங்கள் 48 இலை விருந்து போட்டு வைத்திருந்தோம்!

ரூம் யாருக்குப் பாதுகாப்பு?

மேடம் அன்றைக்குச் சொன்ன ஒரு விஷயம் இன்னும் மறக்கவில்லை. "வெளியே மழை பேனை அடிச்சிட்டுப் போகும். குட்டிக் குட்டி வண்டுகளும், பேனைத் தின்ற வேறு பேன்களும் இருக்கும். உங்க ரூம்ல மழையும் இல்ல, எதிரியும் இல்ல. ஏ.சி. ஓடி ஓடிக் காத்தும் வறண்டு கிடக்கு. நீங்க செடிக்குக் கோட்டை கட்டலப்பா... பேனுக்குக் கட்டியிருக்கீங்க."

ஈரப்பத மீட்டரைப் பார்த்தோம். 35 சதவீதம்! வறண்ட சூடான காற்று என்றால் பேனுக்குக் கொண்டாட்டம்.

மேடம் அடுத்துக் கேட்டது ஒரே கேள்வி. "வெளியிலேர்ந்து என்ன உள்ள வந்துச்சு?"

பார்ட்னர் யோசித்தாள். "நான்தான் மேடம் உரக் கரைசல் கலக்கினேன். என் தப்பாத்தான் இருக்கும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. வைவாவுக்கு 45 நாள்தான் பாக்கி. எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ரோஜா ஊருக்குப் போய் ஒரு மாசம் ஆகிறது.

"ரோஜாச் செடி ஒண்ணு வச்சேன் மேடம்... ரெண்டு ராத்திரி" என்றேன்.

பார்ட்னர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. நியாயம்தானே!

வாசலிலேயே நிறுத்துங்க!

48 செடிகளையும் கவரில் கட்டி வெளியேற்றினோம். ரேக், சுவர் இடுக்கு, தொட்டி எல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். புது மண், புது விதை. பீன்ஸ் சீக்கிரம் வளரும் என்பதால் 24 தொட்டியோடு மறுபடி தொடங்கினோம். இந்த முறை கதவில் ஒரு பேப்பர் ஒட்டினோம். அதில் இருந்தவை:

* வெளிச் செடிக்கு நோ என்ட்ரி. வைத்தே ஆகவேண்டும் என்றால், ரெண்டு வாரம் வேறு இடத்தில் தனியாக வைத்து, பேன் இல்லை என்று பார்த்த பிறகுதான். முடிந்தால் செடியாக வாங்காமல் விதையிலிருந்தே வளர்ப்பது பெஸ்ட்.

* தோட்டத்துக்குப் போய்விட்டு நேராக ரூமுக்கு வராதே. பேன் சட்டையிலும் கையிலும் தொற்றிக்கொண்டு வரும். காலையில் முதலில் குரோ ரூம், பிறகுதான் தோட்டம்.

* வாரம் ரெண்டு முறை இலையைத் திருப்பிப் பார். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் போதும். வெள்ளைத் தாள் டெஸ்ட்டும் கட்டாயம்.

* ஈரப்பதம் 60 சதவீதம் பக்கம் இருக்கட்டும். ஃபேனும் ஓடட்டும், இல்லாவிட்டால் பூஞ்சை வந்து நிற்கும்.

* உரம் அளவோடு.

* ஒரு இலையில் சந்தேகம் வந்தால், அந்தச் செடியை உடனே வெளியே எடு. இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு திரவ சோப்பு கலந்து, முதலில் ஒரே ஒரு இலையில் அடித்துப் பார். இலை கருகவில்லை என்றால், விளக்கு அணைந்த பிறகு முழுச் செடிக்கும் அடி. முட்டைகள் தப்பிக்கும் என்பதால் ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை.

பெரிய அளவில் வளர்க்கிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நெதர்லாந்தில் யான் கோப்பர்ட் என்ற வெள்ளரி விவசாயிக்குப் பூச்சி மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1967-ல் அவர் சிலந்திப்பேனைத் தின்னும் இன்னொரு பேனைக் கண்ணாடிக் குடிலுக்குள் இறக்கிவிட்டார். அதுவே பிறகு பெரிய கம்பெனியாக வளர்ந்தது. நம்ம ஊரிலும் அப்படிப்பட்ட நல்ல பேன்கள் உண்டு. மருந்தைக் கண்டபடி அடித்தால் முதலில் சாவது அவைதான்.

வைவா அன்று...

ரிப்போர்ட்டில் முதல் 48 செடிகளின் கதையையும் சேர்த்தே எழுதினோம். ரோஜா உட்பட! வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கிராஃப் பக்கங்களை வேகமாகப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் மட்டும் நின்றார். "ரோஜாவை வெச்சது யாரு?" என்றார். கையைத் தூக்கினேன். பக்கத்தில் பார்ட்னர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அப்பாடா!

மார்க்கா? கோல்டு மெடல் எல்லாம் இல்லை பாஸ். ஆனால் பார்ட்னர் இன்னைக்கும் ஃப்ரெண்டுதான்.

அப்புறம் ஒரு விஷயம். ஊருக்குப் போன ரோஜாவும் பிழைத்துக்கொண்டது. அம்மா தினமும் வாளித் தண்ணீரை எடுத்து இலைக்கு அடியில் வீசி வீசி அடிப்பாராம். பேன் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "தூசி படிஞ்சிருந்துச்சுடா, அதான் கழுவினேன்" என்றார்!

ஸோ, இன்னைக்குச் சாயங்காலம் ஒரே ஒரு வேலை. உங்கள் குரோ ரூமோ, லேபோ, ஹாஸ்டல் ஜன்னலில் இருக்கும் ஒற்றைத் தொட்டியோ... இலையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். தூசி இருந்தால் அது நடக்கிறதா என்றும் பாருங்கள்!

அடுத்த வாரம் சந்திப்போமா?