சொட்டும் குழாயும் அண்டை வீட்டுச் சுவரும்



வீட்டில் ஒரு குழாய் சொட்டத் தொடங்கினால் அதன் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, பிளம்பர் வரும் நாளுக்காகக் காத்திருப்பது நம்மில் பலரின் வழக்கம். வாளி நிரம்பி வழிகிறது, நாள்கள் வாரங்களாகின்றன, சொட்டும் ஓசையும் காதுக்குப் பழகிப்போகிறது. இதனை நம் வீட்டுக்குள் அடங்கிய ஒரு சிறு தொல்லையாகவே கருதுகிறோம். ஆனால் சாத்தூர் போன்ற கரிசல் பூமியில் அந்த நீர் நம் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. சிறு பழுதுகளை உரிய நேரத்தில் நம் கையாலேயே சரிசெய்யக் கற்றுக்கொள்வது அண்டை வீட்டாருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதே என் கருத்து.

காரணம் நம் காலடி மண்ணிலேயே இருக்கிறது. கரிசல் மண் நீரைக் குடித்தால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். கோடையில் வைப்பாற்றின் இருமருங்கிலும் உள்ள காடுகளில் பாளம் பாளமாக மண் வெடித்துக் கிடப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதே மண்தான் நம் வீடுகளின் அடியிலும் இருக்கிறது. குளியலறைக் கசிவாலோ உடைந்த கழிவுநீர்க் குழாயாலோ ஒரு மூலை மட்டும் ஊறி உப்பி, மறுமூலை காய்ந்து சுருங்கிக் கிடந்தால், அடித்தளம் ஒருபுறம் தூக்கப்பட்டு மறுபுறம் இறங்குகிறது. அந்த இழுபறியைச் செங்கல் சுவரால் தாங்க இயலாது, விரிசல் விடுகிறது. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் தெருக்களில், நம் கசிவின் விளைவு அடுத்த வீட்டாரின் அறையில் விரிசலாகத் தோன்றக்கூடும். காரணம் அறியாமல் அவர் கொத்தனாரை அழைத்து ஆண்டுதோறும் பூசிக்கொண்டிருப்பார்.

ஒருவர் தம் அண்டை வீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நம் சுவரைக்கூட அண்டை வீட்டாரின் தேவைக்கு விட்டுக்கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், அவருடைய சுவரை நம் அலட்சியத்தால் பிளக்க விடுவதற்கு என்ன நியாயம் கூற முடியும்?

நீரின் கணக்கையும் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது நாம் அறிந்த செய்தி. மத்ஹபுகளின் கணக்கில் சிறு வேறுபாடு இருப்பினும், அது ஏறக்குறைய முக்கால் லிட்டர். இப்போது உங்கள் வீட்டில் சொட்டும் குழாயின் கீழ் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அது நிரம்பினால் நாளொன்றுக்கு 24 லிட்டர். ஆண்டுக்கு 8,760 லிட்டர். ஒரே நாளில் முப்பது பேர் உளூச் செய்யப் போதுமான நீர், எவருக்கும் பயன்படாமல் அடித்தளத்தை நோக்கி இறங்குகிறது.

எனவே, இந்த வாரமே செய்யத்தக்க சில பணிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, மறைவான கசிவைக் கண்டறிதல். இஷாவுக்குப் பின் மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் எவரும் நீரைப் பயன்படுத்தாமல் இருக்கட்டும். ஃபஜ்ருக்கு முன் மீண்டும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு உண்டு. கழிப்பறை ஃபிளஷ் தொட்டியில் சில துளி சொட்டு நீலத்தை விட்டு, இருபது நிமிடம் தொடாமல் விடுங்கள். கோப்பையில் நீல நிறம் தெரிந்தால், தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இரண்டாவது, குழாயைச் சரிசெய்தல். அந்தக் குழாய்க்கு நீர் வரும் கேட் வால்வை முதலில் மூடுங்கள். குழாயைத் திறந்து, எஞ்சிய நீரை வடியவிடுங்கள். பிறகு தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றினால் அடியில் வாஷர் இருக்கும். தேய்ந்த வாஷரைக் கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவில் புதியதை வாங்குங்கள். கால் சுற்றிலேயே திறக்கும் புதிய வகைக் குழாயானால் உள்ளே வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் தகடு கொண்ட ஸ்பிண்டில் இருக்கும். அதை முழுமையாக மாற்ற வேண்டும். குழாய் சுவரோடு சேரும் மரையில் கசிந்தால், பழைய டேப்பை நீக்கிவிட்டு, மரை இறுகும் திசையிலேயே டெஃப்லான் டேப்பைப் பல சுற்று சுற்றி மாட்டுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் மாட்டும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

மூன்றாவது, விரிசலைப் பூசுமுன் அதனைப் படித்தல். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதுங்கள். அகலத்தையும் அளந்து குறியுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடக்கட்டும். நீளாமலும் அகலாமலும் இருந்தால் அது பூச்சில் தோன்றிய விரிசலாக இருக்கலாம். அதன் வாயை ஆங்கில 'வி' வடிவில் சற்று அகலப்படுத்தி, தூசியைத் துலக்கி, கிராக் ஃபில்லரை இரண்டு மூன்று முறையாக நிரப்பி, காய்ந்தபின் தேய்த்து வெள்ளையடிக்கலாம். பருவத்துக்குப் பருவம் அகன்றும் குறுகியும் வரும் விரிசலில் சிமெண்டை அடைப்பது வீண். மண் அசைவது நிற்காதவரை சுவர் மீண்டும் பிளக்கும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, செங்கல் வரிசையைத் தொடர்ந்து படிக்கட்டுப்போல இறங்குவது, கதவு நிலையை நெரித்துக் கதவை மூட விடாமல் செய்வது ஆகியவை நாமே பூசி மறைக்கத்தக்கவை அல்ல. கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவதே கடமை.

நான்காவது, வீட்டைச் சுற்றியுள்ள நீரை அப்புறப்படுத்துதல். சுவரை ஒட்டிச் சுமார் ஒரு மீட்டர் அகலத்துக்கு, வெளிப்புறம் சரியும்படி தளம் அமைத்தால், மழைநீர் அடித்தளத்தில் இறங்காது. துணி துவைக்கும் கல்லையும் சுவரோரத்திலிருந்து தள்ளிப் போடுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆனால் அந்த உறிஞ்சு குழியைச் சுவரை ஒட்டியே தோண்டினால், கரிசலில் நன்மைக்குப் பதில் தீமையே விளையும். நம் சுவரிலிருந்து விலகி அமைவதைப்போலவே, அண்டை வீட்டாரின் சுவரிலிருந்தும் அது விலகியிருக்க வேண்டும்.

இவற்றோடு நம் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அபாயமுள்ள வேலையை அதற்குரிய பயிற்சியும் விதியும் இன்றித் தொடக்கூடாது என்பதை இவ்வட்டார மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த எச்சரிக்கையை வீட்டு மின்சாரத்திலும் காட்டுவோம். எம்.சி.பி. என்பது முதன்மையாக மின்கம்பியைக் காப்பது; மின்கசிவு ஏற்பட்டால் மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள அக்கருவி வீட்டில் உள்ளதா என்று பாருங்கள்; இருந்தால் மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். அதற்கு மேல் மின்பெட்டியைத் திறப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. தூணையும் உத்தரத்தையும் துளைப்பதும் உடைப்பதும் அவ்வாறே நமக்குரியவை அல்ல.

"எல்லாரும் தாமே செய்துகொண்டால் தொழிலாளியின் பிழைப்பு என்னாவது?" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வாஷர் மாற்றுவதற்காகப் பெரிய வேலையை விட்டுவிட்டு எந்தப் பிளம்பரும் உடனே வருவதில்லை. அந்தத் தாமதத்தில்தான் கேடு வளர்கிறது. சிறியதை நாம் செய்தால் பெரியதை அவரிடம் மதிப்போடு ஒப்படைக்கலாம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். பேரம் பேசிக் குறைத்து, பாக்கி வைத்து அலையவிடுவதுதான் அவர் பிழைப்பைக் கெடுக்கிறது.

கைவேலையைத் தாழ்வாக எண்ணும் மனப்போக்கும் நம்மிடையே உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்தார்கள், ஆடையின் கிழிசலைத் தாமே சரிசெய்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்க, ஸ்பேனரைக் கையில் எடுப்பதில் நமக்கு என்ன இழுக்கு? சாத்தூரும் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பெயர் பெற்ற ஊர்தான். மெல்லிய தகட்டை வெட்டி, வளைத்து, நடுவே மயிரிழைபோல் கீறி எழுத வைத்த கைகள் வாழ்ந்த ஊரில், ஒரு வாஷரை மாற்றும் பயிற்சி அரிதன்று. அதை மகன்களுக்கு மட்டுமன்றி மகள்களுக்கும் கற்றுக்கொடுங்கள். ஆண்கள் வெளிநாட்டில் உழைக்கும் இல்லங்களில் பழுதுகள் காத்துக் கிடப்பதற்குப் பெண்களின் கை இயலாமை காரணமல்ல. அவர்களுக்கு எவரும் கற்பிக்காததே காரணம்.

இறுதியாக ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உளூச் செய்யும் இடத்தில் வரிசையாக உள்ள குழாய்களில் எத்தனை சொட்டுகின்றன என்று முதலில் எண்ணிப் பாருங்கள். மஹல்லாவின் பொதுவில் ஸ்பேனர், டெஃப்லான் டேப், பல அளவு வாஷர்கள், மட்டப்பலகை அடங்கிய ஒரு பெட்டி இருக்கட்டும். ஒரு ஜும்ஆவுக்குப் பின் அனுபவமுள்ள பிளம்பர் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து, பள்ளிவாசல் குழாய்களிலேயே இளைஞர்களுக்குப் பயிற்சி அளியுங்கள். பிறகு தனித்து வாழும் முதியோர் வீட்டுக் குழாயை அவ்விளைஞர்கள் சரிசெய்து கொடுக்கட்டும். மதம் பாராமல், தெருவில் உள்ள எல்லா வீடுகளுக்கும் அந்தப் பெட்டி பயன்படட்டும். அண்டை வீட்டார் என்ற சொல்லில் மார்க்கம் எவரையும் விலக்கவில்லை.

இன்றிரவு தொட்டியின் மட்டத்தைக் குறித்துவிட்டு உறங்கச் செல்லுங்கள். நம் நீரால் எவர் சுவருக்கும் தீங்கு நேராதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக.