காய்ச்சல் கணக்கில் காலனி எங்கே?

மழைக்காலம் தொடங்கியதும் அரசின் அறிவிப்புகளும் தொடங்கிவிடும். இத்தனை காய்ச்சல் முகாம், இத்தனை நடமாடும் மருத்துவக் குழு என்று செய்தி வரும். 2023 மார்ச்சில் எச்3என்2 வகைக் காய்ச்சல் பரவியபோது, ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் முகாம் நடத்த தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்தது. நல்ல வேலைதான், அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்த முகாம் எந்தத் தெருவில் நடக்கிறது, எந்தக் கணக்கை வைத்து அந்தத் தெருவைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

2004இல் ஒன்றிய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கிராம சுகாதார செவிலியர் அறிகுறிகளைப் பார்த்து ஒரு படிவம் நிரப்புவார். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், இன்ன நோயாக இருக்கலாம் என்று கணித்து இன்னொன்று நிரப்புவார். ஆய்வகம் உறுதி செய்தது மூன்றாவது படிவத்தில் ஏறும். முன்பு வாரம் ஒருமுறை தாளில் போனது இப்போது இணையத்தில் போகிறது. ஒரு வட்டாரத்தில் வழக்கத்தைவிடக் காய்ச்சல் கூடுகிறது என்று எண்கள் காட்டினால் குழு வரும், சளி மாதிரி எடுப்பார்கள், மருந்து இருப்பு உயரும். எந்த வகைக் கிருமி சுற்றுகிறது என்பதைக் கிண்டி கிங் ஆய்வு நிலையம், புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் கண்டறிகிறார்கள். அடுத்த பருவத் தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை முடிவு செய்வதும் இப்படிப் பல நாடுகளில் சேரும் மாதிரிகளை வைத்துத்தான்.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கும் பெரும்பாலும் அடிப்படை புறநோயாளிச் சீட்டு. சீட்டு வாங்காதவரின் காய்ச்சல் அரசாங்கத்தைப் பொறுத்தவரை காய்ச்சலே அல்ல.

சீட்டு வாங்காதவர் யார்? விடியற்காலையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வண்டி ஏறும் பெண்கள், குடும்பத்தோடு செங்கல் சூளையில் தங்கிக் கிடப்பவர்கள், ஊர் கண் விழிக்கும் முன் தெருக்கூட்டப் போகும் தூய்மைப் பணியாளர்கள். காலையில் தொடங்கிப் பிற்பகலில் முடியும் புறநோயாளி நேரத்தில் இவர்கள் வேலையில் இருப்பார்கள். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அதனால் மெடிக்கலில் இரண்டு வேளை மாத்திரை, மூன்றாம் நாளும் அடங்காவிட்டால் தெரிந்த இடத்தில் ஓர் ஊசி. இந்த இரண்டும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஃப்ளூ பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளி, ஏற்கெனவே நெஞ்சுச்சளியில் அவதிப்படுபவர் ஆகியோருக்கு அது நிமோனியாவாக மாறலாம். ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். மாத்திரை விழுங்கிக்கொண்டே நான்கு நாள் வேலைக்குப் போனவருக்கு அந்த நேரம் தாண்டிவிடுகிறது. மூச்சுத் திணறலோடு அரசு மருத்துவமனையில் சேர்க்கப்படும்போதுதான் அவர் முதன்முதலாகக் கணக்கில் வருகிறார். முகாம் போடுவதற்கு அந்தக் கணக்கு காலம் கடந்த கணக்கு.

மாணவர்கள் ஒரு பழைய கணக்கைப் பார்க்க வேண்டும். 1918ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பம்பாய் நகரில் இறந்தவர்களைச் சமூகவாரியாகப் பிரித்து எழுதினார்கள். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியரில் 8.3 பேர், பார்சிகளில் 9 பேர், சாதி இந்துக்களில் 18.9 பேர் இறந்தார்கள். அந்த ஆவணம் ‘தாழ்ந்த சாதி இந்துக்கள்’ என்று குறித்த நம் மக்களில் 61.6 பேர். கிருமிக்குச் சாதி தெரியாது என்பார்கள். நெருக்கடியான குடிசைக்கும், அரை வயிற்றுச் சாப்பாட்டுக்கும், காய்ச்சலோடு செய்யும் வேலைக்கும் சாதி உண்டு என்பதை அந்த எண்கள் காட்டின. வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதி வைத்தார்கள், நமக்குத் தெரிகிறது. இன்றைய வாராந்திர நோய்ப் பரவல் அறிக்கையில் மாநிலம், மாவட்டம், நோய், பாதிக்கப்பட்டோர், இறந்தோர் என்று கட்டங்கள் இருக்கின்றன. எந்தச் சமூகத்தில் எவ்வளவு என்று அதில் தேட முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர்.

சீட்டு வாங்கும் இடத்தில் சாதியைக் கேட்கச் சொல்லவில்லை. அது இன்னொரு அவமானமாகிவிடும். குடியிருப்பின் பெயரை எழுதினால் போதும், நம் கிராமங்களில் தெருவே மீதியைச் சொல்லிவிடும். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல் போகட்டும், இடம் கணக்கிலிருந்து போய்விடக் கூடாது. ஊராட்சிக்கு ஒரே எண்ணாகக் காய்ச்சலைப் பதிந்தால் ஊர்த்தெருவும் நம் தெருவும் ஒன்றாகக் கலந்து, நம் தெருவின் நோய் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இதற்குப் புதிய துறையோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தருகிறார்கள். அதே வாசலில் “வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் இருக்கிறதா?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மழை மாதங்களில் வாரம் இரண்டு நாளாவது, வேலை முடிந்து திரும்பும் மாலை நேரத்தில், எங்கள் தெருவிலேயே மருத்துவக் குழு உட்கார வேண்டும். சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியுள்ள மாணவர் விடுதிகளில் ஓர் அறையில் பத்துப் பேர் படுத்திருந்தால் ஒருவருக்கு வந்தது நான்கு நாளில் எல்லோருக்கும் வரும். காப்பாளர் அன்றன்றைய காய்ச்சல் எண்ணிக்கையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கலாம். பள்ளிக்கு வராதவர் எண்ணிக்கையும் ஒரு நல்ல முன்னறிவிப்புதான்.

படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் உங்கள் ஒன்றியத்தில் எந்தெந்தக் குடியிருப்பில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் காய்ச்சல் முகாம் நடந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம். வரும் பதிலை எடுத்துக்கொண்டு நவம்பர் 1 கிராம சபைக்குப் போங்கள். குடியிருப்புவாரிக் காய்ச்சல் பதிவேடு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து, அது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.